ரிசர்வ் ராணுவ வழக்கறிஞரின் மேஜர் பதவிக்கு முன்தேதி கிடைக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: அமெரிக்க ஆர்மி ரிசர்வில் ஜாக் அதிகாரி, அதாவது ராணுவ வழக்கறிஞர். சட்டப் படிப்புக்கு முன் இரண்டு ஆண்டு லெப்டினன்டாக இருந்துவிட்டு விலகியவர். படித்து முடித்தபின் ராணுவ வழக்கறிஞராகத் திரும்பி வந்தவர். இப்போது கேப்டனிலிருந்து மேஜர். ஆனால் பதவி உயர்வு ஆர்டரில் இருக்கும் ரேங்க் தேதி (அந்தப் பதவியின் மூப்பு எண்ணத் தொடங்கும் நாள்), உங்களோடு சேர்ந்தவர்களுடையதைவிட 14 மாதம் பின்னால் இருக்கிறது. பணியாளர் பிரிவில் கேட்டதற்கு "ஆர்டர் சரிதான்" என்று ஒரே வரியில் பதில். முன்தேதி வாங்க முடியுமா, சம்பள பாக்கி வருமா என்பவை நீங்கள் வெளிப்படையாகக் கேட்டவை. ஆனால் உங்களுக்கு முதலில் பதில் தெரிய வேண்டிய கேள்வி வேறு: அந்த 14 மாதம் எங்கே தொலைந்தது? அது தெரியாமல் "எனக்கு முன்தேதி கொடுங்கள்" என்று எழுதும் மனு பெரும்பாலும் தோற்கும்.

தேதி பின்தங்க மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, நீங்கள் ஜாக் அதிகாரியாக நியமனமான அன்றே போட்ட சேவைக் கணக்கு. இரண்டு, பதவி உயர்வுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தேர்வு போர்டு: உங்கள் கோப்பு அதன் முன் போகவே இல்லை, அல்லது குறையோடு போனது. மூன்று, போர்டு தேர்ந்தெடுத்தபின் பட்டியலோ ஆர்டரோ தாமதமானது. மூன்றுக்கும் சட்டப் பிரிவு வேறு, கேட்க வேண்டிய பரிகாரம் வேறு, சம்பள விளைவும் வேறு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதலாவதன் மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம். அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

ரிசர்வ் அதிகாரியின் நியமன நேரத்துச் சேவைக் கணக்கை ஆள்வது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் உள்ள 12207-ஆம் பிரிவு. முன்பு அதிகாரியாக இருந்த காலத்துக்கு வரவு (சேவையாக எண்ணப்படும் காலம்) உண்டு. பட்டத்துக்கு மேற்பட்ட தொழிற்படிப்புக்கும் வரவு உண்டு. சட்டப் படிப்புக்கு வழக்கமாகக் கிடைப்பது 3 ஆண்டு. சிப்பாயாக இருந்த காலம் சம்பள விகிதத்துக்கு உதவும், இந்தக் கணக்கில் சேராது. முக்கியமான விதி: ஒரே காலத்தை இரண்டு முறை எண்ணக் கூடாது. சட்டக் கல்லூரியில் இருந்தபோதே ரிசர்வில் லெப்டினன்டாகவும் இருந்திருந்தால் அந்த மூன்று ஆண்டு ஒருமுறைதான் எண்ணப்படும். நீங்கள் முழுவதும் விலகிவிட்டுப் படித்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் 2-உம் 3-உம் சேர்ந்து 5.

இதைத் தேதி போட்டே பார்க்கலாம். ரிசர்வ் பதவி உயர்வுச் சட்டத்தின் 14303-ஆம் பிரிவு சொல்லும் குறைந்தபட்சக் காலம், செகண்ட் லெப்டினன்டாக 18 மாதம், ஃபர்ஸ்ட் லெப்டினன்டாக 2 ஆண்டு. ஒருவர் 2014 அக்டோபர் 1 அன்று ஜாக் அதிகாரியாக நியமனமாகிறார் என்று வையுங்கள். 3 ஆண்டு வரவு மட்டும் கொடுத்தால் 18 மாதம் முதல் ரேங்குக்குப் போய், மீதி 18 மாதத்தோடு ஃபர்ஸ்ட் லெப்டினன்டாக நுழைவார். ரேங்க் தேதி 2013 ஏப்ரல் 1. இன்னும் 6 மாதம் கழித்து, 2015 ஏப்ரல் 1 அன்று கேப்டனாகலாம். 5 ஆண்டு வரவு கொடுத்தால் 42 மாதம் இரண்டு லெப்டினன்ட் ரேங்குகளுக்கும் போய், மீதி 18 மாதத்தோடு கேப்டனாகவே நுழைவார். இப்போதும் ரேங்க் தேதி 2013 ஏப்ரல் 1தான். ஆனால் அது கேப்டனுக்கான தேதி. ஒரே தேதி இரண்டு கணக்கிலும் வருவதால், ஆர்டரை மேலோட்டமாகப் பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். தேதியோடு அதற்கு எதிரே இருக்கும் ரேங்கையும் பாருங்கள். ராணுவம் தன் கொள்கையில் இந்தக் குறைந்தபட்சக் காலங்களைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம் என்பதால், உங்கள் நியமன நாளில் எந்தக் கொள்கை நடப்பில் இருந்ததோ அதை வைத்தே உங்கள் கணக்கைப் போட வேண்டும். இன்றைய விதியை வைத்து அன்றைய ஆர்டரைத் தாக்கினால் மனு அங்கேயே நின்றுவிடும்.

கேப்டன் தேதி இரண்டு ஆண்டு பிசகினால் மேஜர் போர்டுக்கு நீங்கள் வரும் ஆண்டும் பிசகும். கேப்டனாக 7 ஆண்டு நிறைவதற்குள் பதவி உயர்வு கிடைக்கும்படி முன்கூட்டியே பரிசீலனைக்கு எடுக்க வேண்டும் என்பது 14304-ஆம் பிரிவு. சரியான கேப்டன் தேதியிலிருந்து 7 ஆண்டை எண்ணுங்கள். உங்களை முதலில் பார்த்த போர்டே அந்த நாளுக்குப் பிறகு கூடியிருந்தால் கையில் வலுவான வாதம் இருக்கிறது. போர்டுகள் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை கூடுவதால், அடியில் இருக்கும் இரண்டு ஆண்டுப் பிழை மேலே 14 மாதமாகத் தெரிவதும் நடக்கக் கூடியதே.

இதை நிரூபிக்க வேண்டிய தாள்கள் அதிகமில்லை: முதல் நியமனக் கடிதம், டிஏ 71 என்ற பதவிப் பிரமாணப் படிவம், லெப்டினன்ட் பணியிலிருந்து விலகிய ஆர்டர், சட்டக் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் பட்டம் வழங்கிய தேதி, இரண்டாம் நியமனத்தின்போது வரவைக் கணக்கிட்ட தாள், டிஏ 5016 என்ற ஓய்வூதியப் புள்ளிக் கணக்கு. கடைசியாகச் சொன்னதைப் பலர் சேர்ப்பதில்லை. எந்த ஆண்டில் எந்த நிலையில் இருந்தீர்கள் என்பதை வரி வரியாகக் காட்டுவது அதுதான். நீங்கள் "விலகினேன்" என்று நினைத்திருக்க, காகிதத்தில் தனிநபர் ரிசர்வில் (எந்த யூனிட்டிலும் சேராதவர்களின் ரிசர்வ் பட்டியல்) தொடர்ந்திருந்தால் அதிலே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் மேலே போட்ட 5 ஆண்டுக் கணக்கு மாறிவிடும். மனு எழுத உட்காரும் முன் இந்த ஒரு தாளை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது இடம், போர்டு. இதற்குப் பரிகாரம் 14502-ஆம் பிரிவில் சொல்லப்படும் சிறப்புத் தேர்வு போர்டு. நிர்வாகப் பிழையால் உங்களைப் பரிசீலிக்கவே இல்லையென்றாலும் கேட்கலாம். பரிசீலித்துத் தேர்வாகவில்லை, ஆனால் போர்டின் முடிவு சட்டத்துக்கு மாறானது, அல்லது முக்கியமான உண்மைப் பிழையோ நிர்வாகப் பிழையோ இருந்தது, அல்லது முக்கியமான தகவல் அதன் முன் இல்லை என்றாலும் கேட்கலாம். அந்தப் போர்டு உங்கள் அன்றைய கோப்பை, அன்று தேர்வானவர்கள், தேர்வாகாதவர்கள் ஆகிய இரு தரப்பின் மாதிரிக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தேர்வானால், முதல் போர்டே தேர்ந்தெடுத்திருந்தால் கிடைத்திருக்கும் அதே ரேங்க் தேதி, அதே சம்பளத் தேதி, பணிமூப்புப் பட்டியலில் அதே இடம். இது அதிகாரிகளின் தயவு அல்ல, சட்டத்தின் வாசகம். மேஜர் பதவிக்கு முன்தேதி கேட்பவருக்கு மூன்று வழிகளில் விளைவு மிகத் தெளிவாக இருப்பது இதில்தான்.

ஜாக் அதிகாரிகள் இங்கே அடிக்கடி இடறும் இடம் ராணுவக் கல்வி. சார்லட்ஸ்வில்லில் இருக்கும் ஜாக் பள்ளியின் மேல்நிலைப் பயிற்சியை முடித்திருப்பார்கள். ஆனால் அதற்கான டிஏ 1059 மதிப்பீட்டுப் படிவம் மின்கோப்பில் ஏறியிருக்காது. பயிற்சி போர்டு கூடுவதற்கு முன்பே முடிந்து, தாள் மட்டும் வராமல் போயிருந்தால் வாதம் உண்டு. பயிற்சியே போர்டுக்குப் பிறகுதான் முடிந்தது என்றால் வாதம் இல்லை, காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும். தாள் வராத கதையிலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது: உங்கள் கோப்பை நீங்கள் ஏன் பார்க்கவில்லை? ஆர்மியின் பதவி உயர்வு விதிநூலான ஏஆர் 135-155, நியாயமான கவனம் இருந்தால் அதிகாரியே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கக் கூடிய குறைக்குச் சிறப்புப் போர்டு தராது. போர்டு கூடும் முன் அதற்குக் கடிதம் எழுதும் உரிமையும் 14106-ஆம் பிரிவில் இருக்கிறது. எனவே, படிவத்தை ஏற்றச் சொல்லி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், அதன் தேதி, வந்த பதில் எல்லாம் முதல் இணைப்பாக இருக்க வேண்டும். "சொல்லியிருந்தேன்" என்ற வாய்மொழி இங்கே செல்லாது.

மூன்றாவது இடம், தேர்வுக்குப் பிறகான தாமதம். இதில் பிழையும் பிழையில்லாததும் கலந்து கிடக்கும். ரிசர்வ் யூனிட்டில் இருப்பவருக்கு, மேஜருக்கான இடத்தில் அமர்த்தப்பட்ட தேதியும் கணக்கில் வரலாம். சட்டப் பிரிவு யூனிட்டில் கேப்டன் இடத்திலேயே உட்கார்ந்திருந்து, மேஜர் இடம் பின்னால் கிடைத்தது என்றால், பட்டியலில் பெயர் இருந்த காலமெல்லாம் இழப்பு அல்ல. "கூட இருந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள்" என்ற வாதம் இதனால்தான் பலிப்பதில்லை. அவர்களுக்கு இடம் இருந்திருக்கும். உடற்தகுதி, மருத்துவம், பாதுகாப்பு அனுமதி இவற்றில் ஏதாவது காலாவதியாகி ஆர்டர் நின்றிருந்தாலும் அது பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். விசாரணை காரணமாகப் பதவி உயர்வை நிறுத்தி வைத்தது வேறு விஷயம்: 14311-ஆம் பிரிவின்படி எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். குற்றமில்லை என்று முடிந்து பதவி உயர்வு வந்தால், நிறுத்தியே இருக்காததுபோல் பழைய தேதியும் சம்பளமும் வர வேண்டும்.

பட்டியல் மேலிடத்தில் தூங்கிப்போனது என்றால் 14308-ஆம் பிரிவு பேசும். அசாதாரணச் சூழ்நிலையால் போர்டு அறிக்கையோ பட்டியலோ எதிர்பாராமல் தாமதமானால், ராணுவச் செயலர் ரேங்க் தேதியைச் சரிசெய்யலாம். இங்கே "சரிசெய்யலாம்" என்பதைக் கோடிட்டுப் படியுங்கள், கட்டாயம் அல்ல. அசாதாரணம் எது என்பதையும் அவரே முடிவு செய்வார். நீங்கள் ஆர்மி ரிசர்வ் என்று எழுதியிருக்கிறீர்கள். இடையில் நேஷனல் கார்டில் (மாநிலங்களின் கீழ் இயங்கும் ரிசர்வ் படை) இருந்திருந்தால் கூட ஒரு வழி இருக்கிறது. மாநிலம் முழுமையாக அனுப்பிய விண்ணப்பம் நேஷனல் கார்டு பீரோவில் 100 நாளுக்கு மேல் கிடந்து, தாமதத்துக்கு அதிகாரி காரணமில்லை என்றால், கூட்டரசு அங்கீகாரத் தேதி (மாநிலம் தந்த பதவி உயர்வை மத்திய அரசு ஏற்கும் தேதி) முன்னால் நகரும்: மாநிலப் பதவி உயர்வு 2024-க்கு முந்தையதானால் செயலர் நகர்த்தலாம், 2024 ஜனவரி 1 முதலானதென்றால் நகர்த்தியே ஆக வேண்டும். அந்த 100 நாள், விண்ணப்பம் முழுமையானது என்று பீரோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல.

சம்பளத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். ரேங்க் தேதி பின்னோக்கிப் போனால் பணமும் கூடவே வரும் என்று எண்ண வேண்டாம். சட்டம் தனியாக அனுமதிக்காவிட்டால், ரிசர்வ் அதிகாரிக்கு முன்தேதியிட்ட பதவி உயர்வால் கூடுதல் சம்பளம் இல்லை என்று 14308 சொல்கிறது. சிறப்புப் போர்டு வழியும், மேலே சொன்ன அசாதாரணத் தாமத வழியும் அந்த அனுமதிகளில் சேரும். வந்தாலும் தொகை நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. மாதம் 4 டிரில் (ரிசர்வின் வார இறுதிப் பயிற்சி அமர்வு) வீதம் 14 மாதத்துக்கு 56. ஒவ்வொன்றும் மாதச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு. 14 நாள் ஆண்டுப் பயிற்சி ஒன்றோ இரண்டோ சேர்த்தால் 70 முதல் 84 நாள். ஆகவே நீங்கள் துரத்துவது கேப்டனுக்கும் மேஜருக்கும் இடையிலான வித்தியாசத்தில் இரண்டரை மாதச் சொச்சம். முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டிருந்தால் மட்டும் கூடும். முன்தேதியின் உண்மையான மதிப்பு அடுத்த படியில் இருக்கிறது. லெப்டினன்ட் கர்னல் போர்டுக்கு எப்போது வருவீர்கள் என்பதை அது தீர்மானிக்கும். மேஜருக்கு மேற்பட்ட ரேங்கில் ஓய்வுபெற அந்த ரேங்கில் பொதுவாக 3 ஆண்டு வேண்டும் என்பதால், சேவையின் கடைசிக் காலத்தில் 14 மாதம் பெரிய மாதங்கள்.

மனு போகும் இடம் ஆர்மியின் ஆவணத் திருத்த வாரியம். படிவம் டிடி 149. ஆனால் அதற்கு முன் கீழ்மட்டப் பரிகாரம் தீர்ந்திருக்க வேண்டும். ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் ஆர்மியின் பணியாளர் தலைமையகமான ஹியூமன் ரிசோர்சஸ் கமாண்டுக்கு எழுத்தில் கேட்டு, எழுத்தில் மறுப்பு வாங்குங்கள். உங்களுக்கு வந்த ஒற்றை வரி பதிலே போதும், அது மின்னஞ்சலாகவோ கடிதமாகவோ இருந்தால். தொலைபேசியில் சொன்னதாக இருந்தால் போதாது. படிவத்தில் "எதைத் திருத்த வேண்டும்" என்ற இடத்தில் "பதவி உயர்வுத் தேதியை முன்னுக்குக் கொண்டுவரவும்" என்று எழுதாதீர்கள். இப்படிப் படிப்படியாக எழுதுங்கள்: இன்ன தேதியிட்ட நியமனக் கடிதத்தில் சேவை வரவை 3-இலிருந்து 5 ஆண்டாகத் திருத்தவும், அதன்படி கேப்டன் ரேங்க் தேதியை இன்ன நாளாக மாற்றவும், அந்தத் தேதிப்படி நான் வந்திருக்க வேண்டிய இன்ன ஆண்டு மேஜர் போர்டுக்காகச் சிறப்புத் தேர்வு போர்டுக்கு என் கோப்பை அனுப்பவும், தேர்வானால் ரேங்க் தேதி, சம்பளம், பட்டியல் இடம் மூன்றையும் 14502-இன்படி திருத்தவும். வாரியம் தானாக யாரையும் மேஜராக்குவதில்லை. ரிசர்வில் லெப்டினன்ட் கர்னல் வரை நியமனம் குடியரசுத் தலைவரின் அதிகாரம். கர்னலிலிருந்து செனட் ஒப்புதலும் வேண்டும். வாரியத்தால் செய்ய முடியாததை அதனிடம் கேட்டால், செய்ய முடிந்ததும் சேர்ந்து போய்விடும்.

நீங்கள் வழக்கறிஞர் என்பது இங்கே அனுகூலம் என்று நினைத்துவிடாதீர்கள். மனுவைப் படிப்பவர்கள் மூன்று சிவிலியன் உறுப்பினர்கள். 30 பக்க வாதவுரை, அடிக்குறிப்பில் நீதிமன்றத் தீர்ப்புகள், "தன்னிச்சையான முடிவு" என்ற சொல் பத்தியெல்லாம் — இவை அவர்களுக்கு உதவாது. ஒரு பக்கத்தில் தேதிவாரிப் பட்டியல், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இணைப்பு எண், இரண்டு பக்கத்தில் வாதம், போதும். நிர்வாகம் முறையாகவே நடந்துகொண்டது என்ற அனுமானத்தோடு வாரியம் தொடங்கும். சாட்சியத்தின் எடை உங்கள் பக்கம் சாய்கிறது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அலுவலக லெட்டர்ஹெட்டில் எழுதுவது, யூனிட்டின் பாராலீகலை (சட்ட உதவியாளரை) தட்டச்சு செய்யச் சொல்வது இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் மனு உங்கள் சொந்த வழக்கு.

கால வரம்பு, பிழை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. உங்களுக்குப் பிழை "தெரிந்தது" மேஜர் ஆர்டர் வந்த அன்று என்று நீங்கள் சொல்வீர்கள். நியமனக் கடிதம் கைக்கு வந்த அன்றே என்று எதிர்த்தரப்பு சொல்லும். நீதியின் நலன் கருதித் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இருக்கிறது. அதைக் கேட்டு இரண்டு வரி காரணத்தோடு எழுதிவிடுங்கள், வாரியமே எழுப்பட்டும் என்று விடாதீர்கள். முழுநேரப் பணியில் இருந்த காலத்தில் இந்த வரம்பு ஓடாது என்று 1994-இல் டெட்வைலர் வழக்கில் டிசி சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுநேரமாக அழைக்கப்பட்ட மாதங்களுக்கு அதைப் பிடித்துக்கொள்ளலாம். வார இறுதி டிரில் காலத்துக்கும் அது பொருந்தும் என்று வாதாடினால் கால் வழுக்கும்.

மனு போனபின் வாரியம் பணியாளர் பிரிவிடம் கருத்து கேட்கும். அந்தக் கருத்தின் நகல் உங்களுக்கு வர வேண்டும் என்பது 1556-ஆம் பிரிவு. பல மனுக்கள் வெல்வதும் தோற்பதும் அந்த நகலுக்கு எழுதும் பதிலில்தான். கருத்து வழங்கியவர் எந்தத் தாளைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டி, கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள் அனுப்புங்கள். 90 சதவீத மனுக்கள் 10 மாதத்துக்குள், எதுவும் 18 மாதத்தைத் தாண்டாமல் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் அளவுகோல். ஓராண்டுக்கு மேல் காத்திருக்கத் தயாராக இருங்கள். மறுத்தால், முன்பு வைக்காத புதிய ஆவணம் இருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். பிறகுதான் நீதிமன்றம். அங்கே நீதிபதிகள் வாரியத்தின் இடத்தில் அமர்ந்து பதவி உயர்வு தரமாட்டார்கள். பெரும்பாலும் காரணம் சொல்லச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

நான் சொன்னதில் சட்டப் பிரிவுகளும் தேதிக் கணக்கும் உறுதியானவை. உங்கள் 14 மாதம் முதல் இடத்தில்தான் தொலைந்தது என்பது ஊகம். நியமனக் கடிதத்தில் சேவை வரவாக என்ன எண் எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் அதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த எண்ணையும், மேஜர் இடத்தில் அமர்த்தப்பட்ட தேதியையும், டிஏ 5016-இல் சட்டக் கல்லூரி ஆண்டுகளுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். மூன்று வழியில் எது உங்களுடையது என்று சொல்லிவிடலாம். தாளைப் படமெடுத்துப் போடுவதானால் பெயரையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். பழைய ஆர்டர்களில் அந்த எண் முழுதாகவே அச்சாகியிருக்கும்.